கதிரவன் எழுந்த பின்

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு ஞாயிறன்று, காணை ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, முதியவர் ஒருவர் நம்மைக் கோயில் முற்றத்து வேப்பமர நிழலுக்கு அழைத்துச் சென்றார். சிறிது நேரம் தயங்கி நின்றவர், பின்பு மனத்தைத் திறந்தார்.

“ஐயா, மூன்று மாதத்தில் இரண்டு முறை மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காட்டுப்பன்றித் தொல்லை வேறு. துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போடலாம் என்கிறான் மகன். அதெல்லாம் நமக்குக் கிடைக்காது, வேலிக்குக் கரண்டு கொடுத்துவிடு என்கிறான் பக்கத்து நிலத்துக்காரன். திருட வந்தவன் செத்தால் அது பாவமா, ஐயா?”

கொலை செய்யலாகாது என்னும் ஐந்தாம் கட்டளையை நாம் அவருக்கு நினைவூட்டினோம். அவர் மெல்லச் சிரித்தார். “கட்டளை தெரியும் ஐயா. என் வயலுக்கு யார் காவல் என்பதுதான் தெரியவில்லை” என்றார்.

அவ்விடையில் இருந்த உண்மை நம்மை உறுத்தியது. கட்டளையை எடுத்துரைப்பது எளிது. இரவில் தனித்துப் படுத்திருப்பவனுக்கு அதன் பொருளை விளக்குவது அரிது. ஆயின், அம்முதியவர் கேட்ட கேள்வி புதியதன்று. மூவாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் இறைமக்கள் அதனைக் கேட்டு வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடை திருமறையிலிருந்து புறப்பட்டு, திருச்சபைத் தந்தையரையும் மறைவல்லுநரையும் கடந்து, இன்று விழுப்புரம் நீதிமன்றத்தில் எடுத்தாளப்படும் சட்டப்பிரிவு வரை வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வழியை ஒருமுறை நடந்து பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

கன்னமிட்ட கள்வன்

சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் அருளப்பட்டதை விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. அதனை அடுத்து, அன்றாட வாழ்வுக்கான விதிகள் பல வருகின்றன. 22ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கள்வனைப் பற்றிய விதி உள்ளது. கன்னமிடும்போது பிடிபட்ட கள்வன் அடிபட்டு இறந்தால், அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. ஆனால், கதிரவன் எழுந்த பின் அது நிகழ்ந்தால் இரத்தப்பழி உண்டு. கள்வன் தான் எடுத்ததற்கு ஈடு செய்ய வேண்டும் என்றும் அவ்விதி தொடர்கிறது.

“கன்னமிடுதல்” என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே இங்கு ஆள்கிறோம். அக்கால இஸ்ரயேலரின் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் மண்ணாலும் பச்சைச் செங்கல்லாலும் ஆனவை. கதவை உடைப்பதினும் சுவரைத் துளைப்பது கள்வனுக்கு எளிது. நம் முன்னோரின் மண்சுவர் வீடுகளும் அத்தகையனவே. அதனால்தான் சுவர் துளைக்கும் கருவிக்குக் கன்னக்கோல் என்று தமிழில் தனிப்பெயரே உண்டாயிற்று. மோசேயின் சட்டம் பேசும் அந்த அச்சம் நம் ஊர்களுக்கும் பழக்கமானதே.

இவ்விதியின் சிறப்பை அறிய, அதனை அதன் காலத்துப் பிற சட்டங்களோடு ஒப்பிட வேண்டும். கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டம், வீட்டுச் சுவரைத் துளைத்தவனை அத்துளையின் முன்னரே கொன்று தொங்கவிடும்படி பணித்தது. அங்கே இரவா பகலா என்ற கேள்வியே எழவில்லை. மோசேயின் சட்டமோ அக்கேள்வியைக் கேட்டது. பகலில் வந்த கள்வனின் உயிருக்கும் விலை உண்டு என்றது. அவ்வுயிரைப் பறித்தவன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது. கள்வனுக்காகப் பரிந்து பேசிய மிகப் பழைய சட்டங்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் உரோமையர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டமும் இதனை ஒத்த வேறுபாட்டைச் செய்தது. இரவில் வந்த கள்வனைக் கொல்வது குற்றமன்று. பகலில் வந்தவனையோ, அவன் ஆயுதம் கொண்டு எதிர்த்தாலன்றிக் கொல்லலாகாது.

கதிரவனுக்கும் குற்றத்துக்கும் என்ன உறவு? புனித அகுஸ்தினார் இவ்விதிக்கு எழுதிய விளக்கத்தில் அதற்கு விடை கண்டார். பகல் வெளிச்சத்தில், வந்தவன் திருட வந்தானா கொல்ல வந்தானா என்று பகுத்தறிய முடியும். திருட மட்டுமே வந்தவன் கொல்லப்படலாகாது. இருளில் அப்படிப் பகுத்தறிய இயலாது. ஆகவே வீட்டுக்காரனை விதி மன்னிக்கிறது. அதாவது, கொல்வதற்கு இரவு உரிமை தரவில்லை. அறிய முடியாத நிலையில் அஞ்சியவனின் தடுமாற்றத்தை இறைவன் பொறுத்துக்கொள்கிறார். அறிய முடிந்த பின்னும் அடிப்பவனைப் பொறுப்பதில்லை. தற்காப்பைப் பற்றிய முழுச் சிந்தனைக்கும் இதுவே வித்து எனலாம்.

வாளும் உறையும்

புதிய ஏற்பாட்டில் இப்பொருள் குறித்து அதிகம் வாதிக்கப்படுவது லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரம். இறுதி இராவுணவின்போது, வாள் இல்லாதவன் தன் மேலுடையை விற்றேனும் ஒன்றை வாங்கட்டும் என்ற பொருளில் ஆண்டவர் பேசுகிறார். சீடர்கள் தங்களிடம் இரண்டு வாள்கள் இருப்பதாகக் கூற, அவர் போதும் என்கிறார். அதே இரவில் கெத்சமனியில் தலைமைக் குருவின் பணியாளருடைய காது வெட்டப்படுகிறது. இயேசு அதைத் தொட்டு நலமாக்குகிறார். வெட்டியவர் பேதுரு என்றும், வெட்டுண்டவர் பெயர் மால்கு என்றும் யோவான் குறித்து வைத்துள்ளார். வாளை உறையில் இடுமாறு பேதுரு பணிக்கப்படுகிறார்.

ஆயுதம் வைத்திருப்பது விசுவாசியின் கடமை என்பதற்கு முதற்பகுதியைச் சான்று காட்டுவோர் உளர். எவ்வகை எதிர்ப்பும் கூடாது என்பதற்குப் பிற்பகுதியைச் சான்று காட்டுவோரும் உளர். திருச்சபை இவ்விரு முனைகளிலும் நிற்கவில்லை. பதினொரு பேருக்கு இரண்டு வாள்கள் படையாகா. மேலுடையைப் பற்றிய சொல்லை, வரவிருந்த துன்ப நாள்களுக்கான எச்சரிக்கையாகவே விரிவுரையாளர் பலர் கொண்டுள்ளனர். மேலும் ஒன்றை நாம் கவனிக்கலாம். கெத்சமனிக்கு வந்தவர்களும் இரவில்தான் வந்தார்கள். ஆயினும் அவர்கள் கைகளில் விளக்குகளும் தீப்பந்தங்களும் இருந்தன என்கிறார் யோவான். வந்தவர் யார், எதற்காக வந்தனர் என்பது பேதுருவுக்குத் தெரியும். இருளின் பெயரால் அவர் தம் வாளுக்கு மன்னிப்புக் கேட்டிருக்க முடியாது.

நோக்கமும் அளவும்

கி.பி. 398 அளவில் பப்ளிக்கோலா என்பவருக்கு எழுதிய மடலில், தான் கொல்லப்படாமலிருக்கப் பிறரைக் கொல்லும் தனிமனிதனின் செயலைப் புனித அகுஸ்தினார் ஏற்கத் தயங்கினார். படைவீரனும் பொது அதிகாரம் பெற்றவனும் பிறரைக் காக்கும்பொருட்டுச் செய்வதையே அவர் ஏற்றார். தன்னுயிர் மீதுள்ள பற்று மனிதனைக் கொலைக்கு இழுத்துச் சென்றுவிடும் என்பது அவருடைய அச்சம்.

ஏறத்தாழ எண்ணூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இதே கேள்வியை மீண்டும் எடுத்தார். மோசேயின் சட்டத்தில் வரும் கள்வனையே அவரும் சான்றாக நிறுத்தினார். ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம் என்பது அவர் விளக்கம். என் உயிரைக் காப்பது ஒன்று. தாக்கியவன் இறப்பது மற்றொன்று. முதலாவதை நாடி நான் செயற்பட, இரண்டாவது என் நோக்கத்துக்கு அப்பால் நிகழ்ந்தால், அச்செயல் நேரியதாகலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. காப்பதற்குத் தேவையானதினும் மிகுந்த வலிமையைக் கையாண்டால் செயல் தீயதாகும். தேவையான அளவோடு நின்றால் அது நேரியதே. பிறனுடைய உயிர் போகாதிருக்க என் உயிரைக் கைவிட வேண்டும் என்பது மீட்புக்கு இன்றியமையாத கட்டளையன்று. ஏனெனில் தன் உயிரைப் பேணும் பொறுப்பு மனிதனுக்கு முதலில் உண்டு என்றார் அவர்.

நோக்கம், அளவு ஆகிய இவ்விரு சொற்களில் திருச்சபையின் போதனை முழுவதும் அடங்கும். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2263 முதலான எண்களில் இதையே எடுத்துரைக்கிறது. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர்களுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கனமான கடமையும் ஆகும் என்கிறது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வழங்கிய “வாழ்வின் நற்செய்தி” என்னும் சுற்றுமடலும் இக்கருத்தைத் தாங்கி நிற்கிறது. தன்னைக் காக்கும் உரிமையை, உயிரை மதியாமையால் எவரும் துறக்கலாகாது. தலைசிறந்த அன்பினால் மட்டுமே துறக்கலாம் என்ற நுட்பமான வேறுபாட்டை அம்மடல் காட்டுகிறது. 1693இல் ஓரியூரில் வாளுக்குத் தலை தாழ்த்திய நம் அருளானந்தர் இந்த இரண்டாம் வழியில் சென்றவர். அது வீர அன்பு. அதை மனமுவந்து ஏற்கலாம். அடுத்தவர்மீது சுமத்த இயலாது. தன் பிள்ளைகளைக் காத்து நிற்கும் ஒரு தாயிடம் போய், நீயும் தலை தாழ்த்து என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சட்டம் வந்த வழி

இச்சிந்தனை நம் ஊர் நீதிமன்றத்துக்கு எப்படி வந்தது? 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டத்தைத் தொகுத்த பிராக்டன் ஒரு குரு, நீதிபதியாகவும் இருந்தவர். கொலையைப் பற்றிய பகுதியை அவர் திருச்சபைச் சட்ட அறிஞரான பவியா பெர்னார்டின் நூலிலிருந்து பெருமளவு எடுத்தாண்டார். நெடுங்காலம் இங்கிலாந்தில் தற்காப்புக்காகக் கொன்றவனும் மன்னரின் மன்னிப்பைப் பெற வேண்டியிருந்தது. அவன் உடைமைகளும் பறிபோயின. வீட்டில் புகுந்த கொள்ளையனைக் கொன்றவனுக்கு அத்தண்டனை இல்லை என்று 1532ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியது. 1769இல் தம் உரைநூலின் நான்காம் தொகுதியை வெளியிட்ட பிளாக்ஸ்டன், இரவில் வரும் கள்வனைப் பற்றிப் பேசும்போது மோசேயின் சட்டத்தையும் பன்னிரு பலகைகளையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

அந்த மரபில் பயின்ற மெக்காலேயின் தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்ததே இந்திய தண்டனைச் சட்டம். அதன் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசின. இந்நாட்டு மக்கள் கொள்ளையர்க்கு அடங்கிப் போகின்றனர். அவர்களுடைய துணிவைத் தட்டியெழுப்ப வேண்டும் என்பது வரைவாளர்களின் எண்ணம். எனவே ஆங்கிலச் சட்டத்தினும் தாராளமாகவே அவ்வுரிமையை வகுத்தனர்.

எனினும் பழைய எல்லைகள் மறையவில்லை. காப்பதற்குத் தேவையானதினும் மிகுந்த தீங்கு செய்யலாகாது என்றது 99ஆம் பிரிவு. பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இவ்வுரிமை எழாது என்றும் அது கூறியது. அக்குவினாரின் அளவுகோலை நாம் இங்குக் காண்கிறோம். உடைமையைக் காக்கும்போது உயிர் போகும் அளவுக்குத் தாக்கலாம் என்பதற்கு 103ஆம் பிரிவு சில நிலைகளையே ஏற்றது: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், மக்கள் வாழும் வீடு முதலியவற்றுக்குத் தீயிடுதல், உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு விளையும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் திருட்டு முதலியன. இரவு என்பது யாது? கதிரவன் மறைந்ததற்குப் பின்னும் எழுவதற்கு முன்னும் என்று அச்சட்டமே பொருள் கூறியது.

நம் உயர்மறைமாவட்டத்தின் மறுபாதியாகிய புதுவையிலும் இதே நிலைதான். அங்கே 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியில், 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குற்றச் சட்டத்தொகுப்பு வழங்கியது. மக்கள் வாழும் வீட்டின் சுவரையோ வாயிலையோ இரவில் ஏறியும் உடைத்தும் வருபவனைத் தடுப்பது நேரிய தற்காப்பு என்று அதன் 329ஆம் பிரிவு கூறியது. எல்லைக் கோட்டின் இருபுறமும் வெவ்வேறு கொடிகள் பறந்தன. இருபுறமும் கன்னமிடும் கள்வனுக்கு ஒரே பழைய விதியே விளங்கியது.

2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா பெற்றுக்கொண்டது. தற்காப்புரிமை இப்போது அதன் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் உள்ளது. 41ஆம் பிரிவில் இரவு என்ற சொல் நீங்கி, கதிரவன் மறைந்த பின்னும் எழுமுன்னும் என்பதே நேரடியாக இடம்பெற்றுள்ளது. விடுதலைப் பயண நூல் காட்டிய அதே கதிரவன், 21ஆம் நூற்றாண்டின் சட்ட ஏட்டிலும் எழுந்து மறைகிறான்!

ஆயுதம் யாருக்கு?

தற்காக்கும் உரிமை எல்லார்க்கும் பொது என்று நூல்கள் கூறின. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசுகள் அப்படிப் பகிர்ந்தளிக்கவில்லை. இதனைக் கத்தோலிக்கராகிய நாம் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். 1689ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைச் சாசனம், தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் புரொட்டஸ்டாண்டு குடிமக்களுக்கே வழங்கியது. அரசு கேட்ட உறுதிமொழியை மறுத்த கத்தோலிக்கரின் ஆயுதங்களைப் பறிக்க அதே காலத்தில் தனிச்சட்டம் பிறந்தது. தம் வீட்டையும் உயிரையும் காக்க நீதிபதிகள் அனுமதித்த சிலவற்றை மட்டுமே அவர்கள் வைத்திருக்கலாம். 1695இல் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கும் ஆயுதம் மறுக்கப்பட்டது. சமயத்தைப் பார்த்து ஒருவனின் உயிருக்கு அரசு விலை வைத்த காலம் அது.

பிற்காலத்தில் நம் நாட்டில் அந்த அளவுகோல் இனத்தின்மேல் சென்றது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டின் இறுதியில், தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைச் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தடை செய்தார். ஊர்க்காவலையே தொழிலாகக் கொண்டிருந்தோர் பலர் வெறுங்கையராயினர். 1878இல் லிட்டன் பிரபு கொணர்ந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் பெறச் செய்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அடுத்து வந்த ரிப்பன் பிரபு கத்தோலிக்க மறையைத் தழுவியவர். அவர் 1882இல் தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கிய சட்டத்தை நீக்கினார். ஆயுதச் சட்டமோ நிலைத்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடு அதைத் திருத்துமாறு கேட்டது. 1931இல் கராச்சி மாநாடு, ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதைக் குடியுரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. விடுதலைக்குப் பின் அவ்வுரிமை அரசமைப்பில் இடம்பெறவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே இடம்பெற்றது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கி இங்கு உரிமையன்று, உரிமம்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவில் இல்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நிகழ்ந்த சாதி வன்முறையில் பன்னிரண்டு தலித் மக்கள் கொல்லப்பட்டனர். அத்தகைய கொடுமைகளைத் தடுக்க 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 1995இல் அதன் விதிகளும் வந்தன. கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில், தேவையெனக் கண்டால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க அவ்விதிகள் இடமளிக்கின்றன. பிறருடைய உரிமங்களை நீக்கவும் வழி செய்கின்றன. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவ மறையைத் தழுவிய தலித்து பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. ஒரே தெருவில் ஒரே கும்பலால் தாக்கப்படும் இரு குடும்பங்களுள், ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்லும் குடும்பத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை. 1689இன் நிழல் இன்னும் முற்றும் நீங்கவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது. நம் சேரித் தெருக்களில் துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்பது நம் விருப்பம் அன்று. யாருடைய உயிரும் அவர் சமயத்தால் மலிந்துவிடலாகாது என்பதே நம் கேள்வி. அக்கேள்வியை நம் சொந்தக் கல்லறைகளில் இன்னும் நிற்கும் சாதிச் சுவர்களின் முன்னும் நாம் கேட்டாக வேண்டும்.

கருவியும் மனச்சான்றும்

இனி அம்முதியவரின் வயலுக்கு வருவோம். துப்பாக்கி உரிமம் வேண்டுவோர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். காவல்துறையின் விசாரணைக்குப் பின், நம் மாவட்டத்தில் ஆட்சியரே உரிமம் பற்றி முடிவு செய்கிறார். உயிர்க்காப்புக்கென ஒருவகைத் துப்பாக்கிக்கும், பயிர்க்காப்புக்கென வாய்வழி மருந்திடும் பழைய வகைத் துப்பாக்கிக்கும் சட்டம் இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது. 2016ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளும் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்படுகின்றன. உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

உரிமம் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில் கிடக்கும் வயரை அறுத்துக்கொண்டு ஓடுபவனைச் சுடலாமா? கூடாது. வெறும் திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஓடுகிறவன் தாக்குகிறவன் அல்லன். அவன் முதுகில் சுடுவது காப்பதாகாது; பழி தீர்ப்பதாகும். அக்குவினாரின் நோக்கமும் அளவும் அங்கே ஒருங்கே தவறுகின்றன. கம்பால் அடிப்பவன் பாதியில் கையை நிறுத்தலாம். குண்டை அனுப்பியவன் அதைத் திரும்ப அழைக்க முடியாது. துப்பாக்கியை வைத்திருப்பவனுக்குப் பேரளவு தன்னடக்கம் வேண்டும் என்பது இதனால்தான்.

தற்காப்புரிமைக்கு உயிர்கொடுத்தவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தியவர்களும் அல்லர். 2012இல் மதுரையில் தன் மகளைக் காத்து நின்ற ஒரு தாயையும், 2021இல் திருவள்ளூர் மாவட்டத்தில் வன்முறையாளனிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணையும், தற்காப்புரிமையை ஏற்றுக் காவல்துறையினரே விடுவித்தனர். அவர்கள் ஆயுதம் தேடி வைத்திருந்தவர்கள் அல்லர். அந்நொடியில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தடுத்தவர்கள். அவர்களை விடுவித்த சட்டத்தின் பின்னே மோசேயும் அக்குவினாரும் நிற்கிறார்கள் என்பதில் நாம் மகிழலாம்.

எஞ்சியது மின்வேலி. நம் மாவட்டத்தில் இது வெறும் கற்பனை அன்று. பன்றிக்கு வைத்த மின்கம்பியில் மனிதர் மாண்ட செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கிழார்கள் தோட்டங்களில் தாமே வெடிக்கும் துப்பாக்கிப் பொறிகளை வைத்தனர். திருடரோடு வழிப்போக்கரும் சிறுவரும் அடிபடவே, 1827இல் அவை தடை செய்யப்பட்டன. நம் நாட்டிலும் பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கு உண்டு. அயலார் தம் கழிப்பறைக்குள் நுழையாதிருக்க ஒருவர் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியை அமைத்தார். அதைத் தொட்ட ஒரு பெண் இறந்தார். தற்காப்புரிமை என்ற வாதத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்து, தண்டனையை உறுதி செய்தது.

இதன் அறக் காரணத்தைப் புனித அகுஸ்தினார் முன்னரே கூறிவிட்டார். தற்காப்பு நேரியதாவது பகுத்தறியும் முயற்சியால். வந்தவன் யார், எதற்காக வந்தான் என்று மனிதன் இருளிலும் கேட்க முயல்கிறான், கம்பி கேட்பதில்லை. அதற்கு அச்சமும் இல்லை, இரக்கமும் இல்லை. நம் மனச்சான்று செய்ய வேண்டிய வேலையை மின்கம்பியிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கச் செல்பவன், தன்னைக் காத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் அடுத்த முறை சென்றபோது அம்முதியவரிடம் எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். வேலிக்கு மின்சாரம் கொடுக்கவில்லை என்றும், சுற்றியுள்ள நிலத்துக்காரர்கள் நால்வர் முறைவைத்துக் காவல் படுப்பதாகவும் சொன்னார். காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்திருந்தார்கள். “நடுவில் ஒருமுறை வயர் போயிற்று ஐயா. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா” என்றார். நாம் தலைகுனிந்தோம். அறநூல்கள் வயரைக் காப்பதில்லை. அவரை இருளில் தனியே விடாதிருப்பது காவலரின் கடமை, அரசின் கடமை, அவரோடு ஒரே திருவிருந்தில் பங்குபெறும் நம்முடைய கடமையும் ஆகும்.

விடைபெறும்போது அவர் இன்னொன்று சொன்னார். “போன வாரம் விடியுமுன் வரப்பில் ஆள் வருவது தெரிந்தது. கம்பை எடுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். களையெடுக்கக் குறுக்கு வழியாக வந்த பக்கத்துத் தெருப் பெண், ஐயா. வேலியில் கரண்டு இருந்திருந்தால்…”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கதிரவன் எழுமுன்னரே விளக்கைப் பிடித்து முகத்தைப் பார்த்த அந்தக் கைக்காக, நாம் இறைவனுக்கு நன்றி கூறினோம்.